‘ஏன் அதிகாரியாக விரும்புகிறீர்?’
ஆயுதப் படைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள்

தோட்டங்களில் இன்றும் வாழ்ந்து வரும் குடும்பங்களிலிருந்தும், தோட்டங்கள் விற்கப்பட்ட பின் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும், ஆயுதப் படையில் கேடட் அதிகாரிகளாகச் சேர விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது எம்மிடம் ஆலோசனை கேட்டு வருகின்றனர். கல்வித் தகுதி, உயரம், எடை, கண் பார்வை, மருத்துவச் சோதனை ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. அவை யாவும் அறிவிப்பிலேயே வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. ஓடிப் பழகலாம், பாடம் படிக்கலாம். அவர்களைத் திகைக்க வைப்பது ஒரே ஒரு பக்கந்தான். ‘நீர் ஏன் ஆயுதப் படை அதிகாரியாக விரும்புகிறீர்?’ என்ற வினாவுக்கு விடை எழுத வேண்டிய பக்கம் அது.

இவ்வினா விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதமாக வரலாம். தேர்வு நாளில் எழுதச் சொல்லும் கட்டுரையாக வரலாம். பேட்டி அறையில் முதல் கேள்வியாகவும் வரலாம். எந்த உருவில் வந்தாலும் வினா ஒன்றே. ஆகவே அதற்குரிய விடையை வீட்டில் அமர்ந்து ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்த்தல் நலம். அதை எவ்வாறு எழுதுவது என்பதையே இங்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

முதலில் நம்மவரிடையே வழிவழியாக வந்துள்ள ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். தோட்டத்தில் ‘கடிதம்’ என்றாலே அது மனுவாகத்தான் இருந்தது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் பழுது, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று எந்தக் குறையானாலும், கிராணியாரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ போய் நிற்போம். அவர் நமக்காக எழுதிக் கொடுப்பார். ‘நான் ஏழை, என் தகப்பனார் நோயாளி, தாங்கள் கருணை காட்ட வேண்டும்’ என்ற தொனியே அக்கடிதங்களின் உயிர். அந்தக் காலத்து நிலைமையில் அவற்றை எழுதியவர்களை நாம் குறை கூறவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அக்கடிதங்கள் குடியுரிமையையும் வேலையையும் பெற்றுத் தந்தன. ஆனால் அதே தொனி பேரனின் கையிலும் தொடர்ந்து வந்து, அதிகாரி விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எம்மிடம் வந்த பக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை மனுக்களாகவே இருந்தன.

அதிகாரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் யாருக்கு உதவி தேவை என்று பார்ப்பதில்லை. யாரிடம் பிறரை ஒப்படைக்கலாம் என்று பார்க்கிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பக்கத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

அதிகாரியின் பணி யாது?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி மாட்சிமை தங்கிய பேரரசரே ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி ஆவார். பயிற்சி முடித்த கேடட், அவர் பெயரால் நியமனப் பத்திரம் பெற்று அதிகாரியாகிறார். தேசிய மொழியில் இதனைத் ‘தௌலியா’ என்பர். தரைப்படையில் புதிதாக நியமனம் பெற்ற இளம் லெப்டினன்டுக்கு வழக்கமாக ஒரு பிளாட்டூன், அதாவது ஏறக்குறைய முப்பது பேர், ஒப்படைக்கப்படுவர். அந்த முப்பது பேரின் உணவு, உடல்நலம், ஆயுதம், விடுமுறை, குடும்பத் தொல்லை, ஒழுங்கு மீறல் ஆகிய எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியவர். அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். அவருக்குக் கீழே நிற்கும் சார்ஜன்டோ பல ஆண்டுகள் காட்டிலும் முகாமிலும் கழித்தவராக, தகப்பன் வயதை நெருங்கியவராக இருப்பார்.

இந்நிலைமையைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்து மக்களுக்குப் பாடநூல் தேவையில்லை. படித்து முடித்த கையோடு வந்த எத்தனையோ சின்ன துரைகளை நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். முதல் நாளே தண்டலை அதட்டியவரையும் பார்த்திருக்கிறார்கள். ‘இந்த நிரையில் பால் ஏன் குறைகிறது, நீங்களே சொல்லுங்கள்’ என்று தண்டலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தம் முடிவைத் தாமே எடுத்து, அது தவறானபோது பழியையும் தாமே ஏற்றவரையும் பார்த்திருக்கிறார்கள். இவ்விருவரில் எவருக்காக ஆட்கள் மழையிலும் இறங்கி வேலை செய்தார்கள் என்பதைப் பாட்டியிடம் கேட்டால் சொல்வார். தலைமை என்பதைக் கீழிருந்து பார்த்து அறிந்த இந்த அறிவு நம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதனை அவர்கள் எழுதுவதே இல்லை என்பதுதான் எம் வருத்தம்.

இடையே ஒன்று சொல்லிக்கொள்கிறோம். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் ‘பெரட்டு’ என்கிறோம் அல்லவா? இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாவில் அவ்வாறு உருமாறியது.

ஓர் இளைஞரின் பக்கம்

பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தம் பக்கத்தைக் கொண்டு வந்தார். தேசிய மொழியில் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். ‘செஜாக் கெச்சில் லாகி’ என்று தொடங்கிற்று. ‘சிறு வயது முதற்கொண்டே அதிகாரியாக வேண்டும் என்பது என் இலட்சியம்’ என்பது அதன் பொருள். அடுத்து, நாட்டுக்காக உயிரையும் கொடுக்கத் தயார் என்றது. அதற்கடுத்து ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளும் வரிசையாக வந்தன. பின்னர், தகப்பனார் காலமாகிவிட்டார், தாயார் தோட்டத்து மருந்தடிப்பு வேலையில் துன்பப்படுகிறார், ஆகையால் கருணை கூர்ந்து வாய்ப்பளிக்க வேண்டுகிறேன் என்று முடிந்தது. பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவர் பெயரை அழித்துவிட்டு வேறு எவர் பெயரையும் எழுதலாம். பக்கம் அப்படியே பொருந்தும்.

ஒவ்வொரு வரியாக அவருடன் பேசினோம். சிறு வயது இலட்சியம் என்றீர்களே, எந்த நாளில் தோன்றியது என்று கேட்டதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. நண்பர் ஒருவரின் பழைய விண்ணப்பத்தில் அவ்வாறு இருந்ததாம். ருக்குன் நெகாரா 1970 ஆகஸ்ட் 31-ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. அன்று முதல் பள்ளிப் பிள்ளைகள் அதனை மனனம் செய்து வருகின்றனர். தேர்வாளர்களும் அப்படி வளர்ந்தவர்களே. அதை அவர்களுக்கே திரும்ப எழுதிக் கொடுப்பதால் எழுதியவரைப் பற்றி அவர்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

உயிரைக் கொடுப்பேன் என்ற வரியைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசினோம். இந்நாட்டுப் படையினர் 1960-இல் காங்கோவுக்குச் சென்றது தொட்டு ஐக்கிய நாட்டு அமைதிப் பணிகளில் ஈடுபட்டு வருகின்றனர். 1993 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, சோமாலியாவின் மொகடிஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்கத் துருப்பினரை மீட்க மலேசியக் கவச வாகனங்கள் புறப்பட்டுச் சென்றன. அந்நடவடிக்கையில் நம் வீரர் ஒருவர் உயிர் நீத்தார். மேலும் சிலர் காயமுற்றனர். உங்கள் பக்கத்தைப் படிக்கும் அதிகாரி, தம்முடன் பணியாற்றிய ஒருவரின் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனவராக இருக்கக்கூடும். அவர் முன்னே பத்தொன்பது வயதில் ஒரே வரியில் உயிரைத் தூக்கிக் கொடுப்பது வீரமாகத் தோன்றாது. யோசியாமல் எழுதியதாகவே தோன்றும். மேலும், அதிகாரியிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது அழைத்துச் சென்ற முப்பது பேரையும் எண்ணித் திரும்ப அழைத்து வருவது.

‘எண்ணித் திரும்ப அழைத்து வருவது’ என்று நாம் சொன்னபோது அவ்விளைஞர் தலை நிமிர்ந்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, புறப்பட வேண்டும் என்றார். ஏன் அவசரம் என்று கேட்டோம். அப்போதுதான் செய்தி வெளிவந்தது.

அவர் குடியிருக்கும் தோட்டப் பிரிவு பெரிய சாலையிலிருந்து மிகவும் உள்ளே இருக்கிறது. பள்ளி வேன் உள்ளே வருவதில்லை. பிள்ளைகள் சாலை முனைக்கு நடந்து வர வேண்டும். நடுவில் ஒரு சிறு பாலம். மழைக்காலத்தில் அதன் மேல் தண்ணீர் ஏறிவிடும். இரண்டு ஆண்டுகளாக இவர் காலையில் பதினொரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வேன் ஏற்றுகிறார். மாலையில் போய் அழைத்து வருகிறார். யாரும் இவரை நியமிக்கவில்லை. தம் தங்கையை அழைத்துச் செல்லத் தொடங்கியவரிடம் ஒவ்வொரு வீடாகத் தம் பிள்ளையையும் ஒப்படைத்தார்களாம்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். ‘இது என்னங்க ஐயா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போறதுதானே’ என்றார். சற்று நேரம் கழித்து, ‘அதோடு ஒரு நாள் தப்பும் நடந்துபோச்சு’ என்றார்.

ஒரு மாலை நல்ல மழை. பாலத்தருகே தண்ணீரின் அளவைப் பார்ப்பதற்காக இவர் முன்னே நடந்தார். பிள்ளைகளை எண்ணும் வேலையைப் பெரிய பையன் ஒருவனிடம் விட்டிருந்தார். அவன் பதினொன்று என்றான். குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது பத்துப் பேர்தாம் இருந்தனர். இரண்டாம் ஆண்டு படிக்கும் சிறுவனைக் காணவில்லை. மழையிலேயே திரும்பி ஓடினார். சாலை முனையில் மூடிக் கிடந்த கடையின் தாழ்வாரத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். தோளில் தூக்கி வந்து வீட்டில் விட்டபோது இருட்டிவிட்டது. எண்ணிய பையன் மீது பழி போட அவருக்கு மனம் வரவில்லை. ‘நான்தான் எண்ணவில்லை’ என்று சிறுவனின் தாயிடம் சொன்னார். அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முறையும் அந்தப் பக்கம் ஒரு முறையும் தாமே எண்ணுகிறார்.

தம் குற்றத்தைக் காட்டும் செய்தியை விண்ணப்பத்தில் எழுதுவதா என்று அவர் தயங்கினார். எழுத வேண்டியது அதுதான் என்றோம். பதினொரு பேருக்குப் பொறுப்பேற்றது, பொறுப்பை இன்னொருவரிடம் விட்டபின் சரிபார்க்கத் தவறியது, தவறியதும் தாமே போய் நின்றது, பிறகு முறையை மாற்றியது ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. அவை யாவும் உண்மை. இத்தனை இருக்க, எந்தத் தேர்வாளர் ‘செஜாக் கெச்சில் லாகி’யைத் தேடப் போகிறார்?

தாயாரைப் பற்றிய வரியும் மாறியது. தாயார் காலை ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுவதால் வீட்டுச் சமையலும் தங்கையின் படிப்பும் தம் பொறுப்பில் இருந்தன என்று எழுதினார். அதே வறுமைதான். ஆனால் இப்போது அவ்வரி இரக்கம் கேட்கவில்லை. அவர் எதைச் சுமந்தார் என்பதைச் சொல்கிறது.

எல்லாரிடமும் இத்தகைய நிகழ்ச்சி இருக்குமா என்று சிலர் கேட்கலாம். பெரிய நிகழ்ச்சி வேண்டியதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகள் மூழ்கியபோது குடும்பத்தோடு துயர் துடைப்பு மையத்துக்குச் சென்ற ஒரு பெண், ‘இராணுவத்தார் உதவினர், ஆகவே நன்றிக்கடன்’ என்று மட்டுமே எழுதியிருந்தார். மையத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்ட பிறகே, பள்ளி நோட்டுத் தாளில் இனிப்பு நீர், இரத்த அழுத்த மருந்து தேவைப்படும் முதியோரின் பட்டியலைத் தயாரித்துத் தாதியரிடம் கொடுத்தது தெரிய வந்தது. பெண்களும் முப்படைகளிலும் அதிகாரிகளாகச் சேர்க்கப்படுகின்றனர் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம்.

சம்பளம் பற்றி எழுதலாமா?

இக்கேள்வியை இளைஞர்கள் தணிந்த குரலில் கேட்கின்றனர். நிலையான சம்பளமும் மருத்துவ வசதியும் வேண்டும் என்று விரும்புவதில் வெட்கப்பட ஏதுமில்லை. தினக்கூலியில் வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய காரணமே. பேட்டியில் கேட்டால் ஆம் என்று நேராகச் சொல்லலாம். எனினும் சம்பளம் தரும் வேலைகள் வேறு பலவும் உள்ளனவே. தொழிற்சாலையை விட்டு, அலுவலகத்தை விட்டு, ஏன் இந்தப் பணி என்பதற்குப் பக்கம் விடை கூற வேண்டும். சம்பள ஆசையை மறைத்து, அதன் மேல் தேசபக்திச் சொற்களைப் பூசுவதுதான் பிழை. பூச்சு எளிதில் தெரிந்துவிடும்.

சேர விரும்பும் இடத்தைப் பற்றிய அறிவும் பக்கத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் படைவீரராகச் சேர்வதற்கான விண்ணப்பம் வேறு, கேடட் அதிகாரிக்கானது வேறு. ‘எந்தக் கட்டளையையும் தட்டாமல் செய்வேன்’ என்று மட்டும் எழுதியவர், கட்டளையிட வேண்டிய இடத்துக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். இன்னொருவர் அரச மலாய்ப் படைப்பிரிவில் பணியாற்றுவதே தம் கனவு என்று எழுதியிருந்தார். 1933 மார்ச் 1-ஆம் நாள் போர்ட் டிக்சனில் இருபத்தைந்து பேருடன் தொடங்கிய பெருமைக்குரிய படைப்பிரிவு அது. ஆனால் மலாய்க்காரர்களைக் கொண்ட படைப்பிரிவு. அரச ரெஞ்சர் படைப்பிரிவோ எல்லா இனத்தவரையும் கொண்டது. பொறியியல், சமிக்ஞை, மருத்துவம் போன்ற பிரிவுகளும் அவ்வாறே. அரை நாள் விசாரித்திருந்தால் இந்தத் தர்மசங்கடம் நேர்ந்திராது. அதுபோலவே, பொதுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ‘பாலாபெஸ்’ என்னும் ரிசர்வ் அதிகாரிப் பயிற்சியில் சேரும் வழியும், சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்போடு பயிற்சி பெறும் வழியும் உள்ளன. எந்த வழியில் போகிறீர்களோ அதற்கேற்ப எழுதுங்கள்.

நம்மவர் பலர் ரியர் அட்மிரல் தனபாலசிங்கம் அவர்களின் பெயரைத் தம் பக்கத்தில் சேர்க்கின்றனர். ஜொகூர் பாருவில் பிறந்து, இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயின்ற அவர், 1967-ஆம் ஆண்டு தம் 31-ஆம் வயதில் நம் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மலேசியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். பெருமை கொள்ள வேண்டிய பெயர்தான். எனினும் அவர் பெயரை எழுதுவதால் அவர் தகுதி நம் கணக்கில் ஏறிவிடாது. தரைப்படைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் அவர் பெயரை எழுதிவிட்டு, கடற்படையின் பெரிய தளம் எங்குள்ளது என்று கேட்டதற்கு லூமுட் என்று சொல்லத் தெரியாமல் விழித்ததையும் பார்த்தோம்.

மொழியைப் பற்றிச் சில சொற்கள். பக்கத்தைத் தேசிய மொழியில் எழுத வேண்டியிருக்கும்; பேட்டியில் ஆங்கிலமும் கலந்து வரலாம். முதலில் நிகழ்ச்சியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு சிறு சிறு வாக்கியங்களாகத் தேசிய மொழியில் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டினால் இலக்கணத்தை மட்டும் திருத்தித் தரச் சொல்லுங்கள்; அவர் நல்லெண்ணத்தோடு சேர்க்கும் அலங்காரச் சொற்களை மரியாதையாக எடுத்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறேன், இடமும் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் பேட்டியில் கேள்வி எழலாம். ‘எத்தனை பிள்ளைகள்? அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? அன்றைக்கு மறுநாள் என்ன செய்தீர்?’ என்று கேட்டால், நடந்ததை எழுதியவர் தடுமாற மாட்டார்.

அந்த இளைஞர் தம் பக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதினார். அனுப்புவதற்கு முதல் நாள் இரவு, அவருடைய தாயார் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். இவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தம் வேலை நேரத்தைப் பற்றிய வரி வந்தபோது தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மழை நாளைப் பற்றிப் படித்து, ‘சிறுவனை வீட்டில் சேர்த்தபோது மணி ஏழு’ என்றதும் நிறுத்தச் சொன்னார்.

‘ஏழு இல்ல தம்பி, ஏழரை. நான் வாசல்லதானே நின்னுக்கிட்டு இருந்தேன். மாத்தி எழுது.’

ஏழரை என்று மாற்றி எழுதி, மறுநாள் அனுப்பினார்.